கேளுங்க, சொல்றேன்: எஞ்சினீயரிங் பதில்கள்

கேள்வி: என் பேரன் எஞ்சினீயரிங் மூன்றாம் வருஷம். மனிதரை மையமாக வைத்து வடிவமைப்பது என்று ஒரு பாடமாம். நாலு பசங்களாகச் சேர்ந்து ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்குப் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறார்கள். இதற்கா பீஸ் கட்டுகிறோம்?
— ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: இதற்குத்தான் ஆச்சி! கணக்கைக் கொடுத்தால் நம்ம பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். எந்தக் கணக்கைப் போடுவது என்று கண்டுபிடிக்கச் சொன்னால்தான் முழிப்பார்கள்.

2007-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி ஒரு வகுப்பு. குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கிற பெட்டியான இன்குபேட்டரை விலை குறைவாகச் செய்ய வேண்டும். நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் சும்மா கிடக்கிறது. குழந்தைகள் பிறப்பதோ கரண்ட் இல்லாத தூரத்துக் கிராமங்களில். பெட்டி யோசனையை விட்டுவிட்டு, குழந்தையைப் பொதிந்து வைக்கிற குட்டிப் பை செய்தார்கள். அதில் செருகும் மெழுகு போன்ற பொருளை ஒருமுறை சூடாக்கினால், மணிக்கணக்கில் 37 டிகிரியிலேயே நிற்கும்.

உங்கள் பேரன் கோஷ்டி முதல் நாளே வண்ணம் ஊற்ற மெஷின் வரைந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றுகிற அந்த நெளிவுக்குத்தானே காசு கொடுத்து வாங்குகிறார்கள்? அதைப் போய் மெஷினுக்குத் தருவானேன்! ஈரக் கல்லைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை தரம் குனிகிறார், நிமிரும்போது கை எங்கே போகிறது? “என்ன கஷ்டம்?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல தம்பி” என்றுதான் பதில் வரும். அதனால்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. முதல் மாதிரியை அட்டை, மூங்கில் என்று கிடைப்பதில் கட்டட்டும். பளபளவென்று இரும்பில் செய்து நீட்டினால், பாவம் பிள்ளைகள் செலவழித்திருக்கிறார்களே என்று தொழிலாளி குறையே சொல்ல மாட்டார்.

கேள்வி: எங்கள் குழு புராஜெக்ட்டில் நான் ஒருத்திதான் வேலை செய்கிறேன். மார்க் மட்டும் நாலு பேருக்கும் ஒன்றா?
— மாணவி, காரைக்குடி

பதில்: வாராவாரம் யாருக்கு எந்த வேலை என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் தாயி, கம்ப்யூட்டரில் படம் வரைய உட்காராத பையனைப் பட்டறைக்கு அனுப்பிப் பார்த்தாயா? சிலருக்கு அங்கேதான் வாய் திறக்கும். அதற்கும் அசையவில்லை என்றால், ரிவ்யூவில் அவன் பங்கை அவனே சொல்லட்டும். நீ முந்திக்கொண்டு பதில் சொல்லாதே.