பட்டிக் கேள்விகள்: சினை நிற்காத மாடு, தையல்காரர் நாடா, கண்ணாடிப் பாட்டில்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், கோத்தகிரி

போன இதழில் பேச்சுவாக்கில் ஆஸ்திரேலியாவில் கறிமாட்டுப் பண்ணை பார்த்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். சரி, முதலில் அதையே எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம், எங்களுக்கு ஆறு ஏக்கர் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டு அலுத்துவிட்டது. வெளிநாடுகளில் குடும்பமாகவே இருபது முப்பது கறிமாடு வளர்த்துப் பிழைக்கிறார்களாமே. எங்கள் குளிருக்கு ஆங்கஸ் காளையின் உறைவிந்து வாங்கி, இருக்கிற மாடுகளுக்குப் போட்டு ஆரம்பிக்கலாமா?

தம்பி, நீங்கள் காளையிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். நானும் ஆஸ்திரேலியாவில் அந்தப் பண்ணைக்குப் போனதும் பண்ணைக்காரக் கிழவரிடம் முதலில் கேட்டது "காளை எங்கே?" என்றுதான். அவர் கையைக் காட்டிய திசையில், தனி வேலிக்குள், வேலை எதுவும் இல்லாமல் படுத்துக்கிடந்தது.

2019 மார்ச்சில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். விக்டோரியா மாநிலத்தில் கிப்ஸ்லாந்து என்ற பச்சைப் பகுதி. மகள் அங்கே நர்ஸ். பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் 34 தாய்மாடுகள், எல்லாம் கொம்பில்லாத கறுப்பு ஆங்கஸ். ஸ்காட்லாந்து பூர்வீகம். கூலியாள் கிடையாது. பால் கறப்பதும் கிடையாது! 31 வருடம் பால்மாட்டோடு பிழைத்த எனக்கு இது விளங்கவே இரண்டு நாள் ஆனது. கன்று தாயோடு மேய்கிறது, ஏழெட்டு மாதத்துக்கு மடிப்பால் முழுவதையும் அதுவே குடிக்கிறது. கன்றின் எடைதான் அவர்களுக்குப் பால் காசு.

காளையை வருடத்தில் ஒன்பது வாரம்தான் மந்தைக்குள் விடுகிறார்கள். சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரில் அக்டோபர் 22-ஐச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார் கிழவர். அன்றைக்குக் காளையை அவிழ்த்தால், 283 நாள் கணக்கில், முதல் கன்று ஆகஸ்ட் 1 வாக்கில் விழும். அங்கே அப்போது குளிர் முடியப்போகிற, புல் கிளம்பப்போகிற நேரம். மாட்டுக்குப் பால் அதிகம் சுரக்க வேண்டிய மாதமும் புல் பொங்கும் மாதமும் ஒன்றாக வரவேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் காலண்டர் கணக்கு.

நாங்கள் போனது பால்குடி மறக்கடிக்கும் வாரம். கன்றுகளையெல்லாம் ஒரு பட்டியில் அடைத்து, வைக்கோலைப் போட்டு, தாய்களை வேலிக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட்டார்கள். அன்று ராத்திரி ஆரம்பித்தது கத்தல். முப்பது கன்றும் முப்பது தாயும் விடிய விடிய. என் வீட்டுக்காரி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, "இது பாவமுங்க" என்று ஒரே அழுகை. மூன்றாம் இரவு சத்தம் தேய்ந்தது. நாலாம் நாள் காலையில் தாய்மாடுகள் எதுவுமே நடக்காத மாதிரி மேட்டுக்கு மேயப் போய்விட்டன.

அதே வாரம் மருத்துவர் வந்து சினை பார்த்தார். நம் மருந்தகத்தில் மாட்டை அடைத்து நிறுத்தும் ட்ராவிஸ் சட்டம் மாதிரிதான், ஆனால் பின்னாலேயே வரிசையாக மாடு வந்துகொண்டிருக்கும்படி ஒரு குறுகிய சந்து. கையை விட்டு, ஒரு வார்த்தை சொல்லி, அடுத்த மாடு. 34-இல் இரண்டு காலி, அதாவது சினை இல்லை. அதில் ஒன்று அந்த அம்மா புட்டிப்பால் ஊட்டி வளர்த்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்கும். இரண்டின் முதுகிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்கள். திங்கட்கிழமை லாரி வந்தது. "இன்னொரு பருவம் பார்க்கலாமே" என்றேன். ஒரு மாடு ஒரு வருடம் சும்மா தின்றால் இரண்டு கன்றின் லாபம் போச்சு என்றார் கிழவர். அந்த அம்மா மட்டும் அன்றைக்கு வெளியே வரவில்லை.

அந்தப் பண்ணை நடப்பது அந்தச் சாக்பீஸ் கோட்டில்தான். அது இல்லாமல் காளையை மட்டும் இறக்குமதி செய்து என்ன செய்ய?

நம் ஊரில் அந்தக் கோட்டுக்கு இடமே இல்லை. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958 என்று ஒன்று இருக்கிறது. பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, அல்லது ஆறாத காயத்தாலும் நோயாலும் நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். எருமையும் இதற்குள் வரும். பசு, கிடேரியை அறவே கூடாது என்று 1976-இல் தனியாக அரசாணையும் வந்துவிட்டது. ஆக, இரண்டு வயதில் கொழுக்க வைத்துக் கறிக்கு விற்பது என்ற தொழில் நம் மாநிலத்தில் காகிதத்தில் கிடையாது. பொள்ளாச்சி சந்தையிலிருந்து எந்தப் பக்கம் லாரி போகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நம்பி வங்கியில் கடன் வாங்குங்கள் என்று நான் எழுதமாட்டேன். சினை ஊசி விஷயம் கேட்டால், நான் பணியில் இருந்தவரை என் கையால் போட்டது ஜெர்சி, ஃப்ரீசியன், எருமைக்கு முர்ரா. ஆங்கஸை நான் தொட்டதில்லை.

ஆனால் அந்தக் காலண்டர் உங்களுக்கும் உதவும். மேல்மலையில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் புல் கருகிவிடும். கோடை மழையில்தான் திரும்பத் துளிர்க்கும். மாடு ஜனவரியில் ஈன்றால் தாய்க்கும் தீவனம் இல்லை, கன்றுக்கும் பால் இல்லை. அப்புறம் மடி வற்றி, உடம்பு இளைத்து, பருவத்துக்கே வராமல் ஒரு வருடத்தைத் தின்றுவிடும். ஜூலை 22 வாக்கில் சினைப்படுத்தினால் கன்று மே முதல் தேதிக்குப் பக்கத்தில் பிறக்கும். சினை நிற்காவிட்டால் அடுத்த பருவம் 21 நாள் கழித்து வரும், அதுவும் பரவாயில்லை. அக்டோபர் தாண்டிப் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் அவசரப்பட்டு ஊசி போடுவார்கள். அப்போது போட்டால் கன்று ஆகஸ்டுக்குப் பிறகு விழுந்து, தாய் பால் கொடுக்கும்போதே உறைபனி வந்துவிடும் என்பதால், நான் என் மாட்டுக்குப் பொறுத்திருப்பேன்.

கேள்வி: ஜெர்சி கலப்பினக் காளைக்கன்று ஒன்று, 14 மாதம். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து ஒரு விலை சொல்கிறார். எடையை நாமே தெரிந்துகொள்ள வழி உண்டா? (பண்ணைக்காடு)

உண்டு. துண்டுக்குள் கையை விடுவதற்கு முன்பு தையல்காரரின் நாடாவை எடுங்கள். காலையில் தண்ணீர் காட்டும் முன், கன்று நாலு காலும் நேராக நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளக்க வேண்டும். பிறகு தோள் முனையிலிருந்து வாலடிப் பக்கத்துப் புட்ட எலும்பு முனை வரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ. மார்பு 125, நீளம் 110 என்றால் 159 கிலோ வரும். நாடா தளர்ந்து மார்பு 128 என்று வந்துவிட்டால் அதே கன்று 166 கிலோ ஆகிவிடும். அதனால் மூன்று தடவை அளந்து நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். இது மதிப்பீடுதான், தராசு இல்லை.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 14 மாதத்தில் உங்கள் கன்று 100 கிலோவைத் தாண்டவில்லை என்றால் தரகரைத் திட்டாதீர்கள். மாடு ஈன்ற அன்று சீம்பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, அக்கம்பக்கம் எல்லாம் தூக்குவாளியில் அனுப்பிவிட்டு மிச்சத்தை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளிலேயே இரண்டரை லிட்டராவது உள்ளே போகவேண்டும், அதிலும் முதல் பங்கு இரண்டு மணி நேரத்துக்குள். நேரம் ஆக ஆக அந்த எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் வாங்கிக்கொள்வது குறைந்து, ஒரு நாளில் கதவை மூடிவிடும். கிடேரி என்றால் நாம் கொடுத்துவிடுகிறோம். காளைக்கன்று என்றால்தான் நமக்குத் திரட்டுப்பால் ஞாபகம் வருகிறது.

கேள்வி: ஆறு வயதுப் பசு. சிறுநீர் சிவப்பாகப் போகிறது, நின்றுவிடுகிறது, பத்து நாளில் மறுபடி போகிறது. உண்ணிக் காய்ச்சல் என்று இரண்டு முறை ஊசி போட்டாயிற்று. (குந்தா)

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் செவலை ஞாபகம் வந்துவிட்டது. உங்களுக்கு நடந்தது அப்படியே எனக்கும் நடந்தது, அதுவும் ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில். உண்ணிக் காய்ச்சல்தான் என்று நானே முடிவு கட்டி, எட்டு மாதம் ஊசியும் டானிக்கும் வாங்கிக் கொட்டினேன். செவலைக்கு ஒருநாளும் காய்ச்சல் அடித்ததில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். காலையில் மாடு எழுந்து நீர் விடும்போது, கழுவிய கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். நிழலில், யாரும் அசைக்காத இடத்தில், சாயங்காலம் வரை வையுங்கள். மேலே தெளிந்து, அடியில் செங்கல் பொடி மாதிரி படிந்திருந்தால் அது ரத்தம். மூத்திரப் பையிலிருந்து கசிகிறது. சில நாள் நூல் மாதிரி ரத்தக் கட்டியும் வரும். மேலும் கீழும் ஒரே மாதிரி கறுப்புக் காப்பி நிறமாகவே நின்றால், ரத்த அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைந்து சாயம் மட்டும் இறங்குகிறது. அதோடு கடும் காய்ச்சலும் இருந்தால் உண்ணிக் காய்ச்சல். காய்ச்சல் இல்லாமல், ஈன்று சில வாரத்துக்குள் என்றால் பாஸ்பரஸ் குறைவாக இருக்கலாம். எருமைக்கு இது அதிகம். பாட்டிலை அப்படியே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் பேசும்.

செவலையின் பாட்டிலில் அடியில் படிந்தது. காரணம் பெரணி. தேயிலைக்கு மேலே, சோலை ஓரத்தில், நெருப்பு வைத்த புல்மேட்டில், இடுப்பளவு வளர்ந்து நிற்குமே, அந்தப் பெரணிதான். புல் இருக்கும்போது மாடு அதைச் சீண்டாது. பனிக்காலத்தில் புல் கருகியதும் சுருண்டு கிளம்பும் இளம் குருத்தைக் கடிக்க ஆரம்பிக்கும், விஷமும் அந்தக் குருத்தில்தான் அதிகம். வருடக்கணக்காகத் தின்றால் மூத்திரப் பையில் கட்டி வளரும். நீலகிரியில் இது பழைய நோய். அந்த நிலைக்குப் போன மாட்டைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை. அதன் விஷம் பாலிலும் இறங்கும் என்பதால், பாட்டிலில் ரத்தம் படிந்தால் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தப் பாலைக் கொடுக்காதீர்கள்.

செவலை அதற்கப்புறம் ஒரு வருடம் இருந்தாள். நான் செய்தது ஒன்றுதான்: மேட்டில் பெரணியை வருடத்துக்கு மூன்று தடவை, குருத்து விரியும்போது அறுத்து, கிழங்கு சோர்ந்துபோகும்வரை விடாமல் அறுத்தேன். மாட்டுக்குப் படுக்கை போட அதைக் கொண்டுவரும் பழக்கத்தையும் நிறுத்தினேன். படுக்கையையும் அதுகள் மெல்லும். மற்ற மாடுகளுக்கு இதுவரை வரவில்லை.

கேள்வி: இரட்டைக் கன்று, ஒன்று காளை, ஒன்று கிடேரி. கிடேரியைப் பாலுக்கு வளர்க்கலாமா? (கூடலூர்)

நம்பி வளர்க்காதீர்கள். வயிற்றுக்குள் இரண்டுக்கும் ரத்தம் கலந்துவிடுவதால், காளையோடு பிறந்த கிடேரிகளில் பத்துக்கு ஒன்பது மலடு. பார்க்க லட்சணமாக வளரும், பருவத்துக்கு வராது. சில மாதம் ஆனதும் மருத்துவரிடம் காட்டிப் பிறப்புறுப்பின் உள் நீளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காளைக்கன்றுக்குப் பெரிதாக ஒரு குறையும் இருக்காது.

கேள்வி: எங்கள் முட்டைக்கோஸ் தோட்டத்துக்கு ராத்திரி காட்டு மாடு வருகிறது. பகலிலும் எங்கள் மாடுகளோடு சேர்ந்து நிற்கிறது. அந்தக் காளை எங்கள் பசுவோடு சேர்ந்தால் நல்ல பெரிய கன்று கிடைக்கும் என்கிறார்களே? (பூம்பாறை)

சேர்ந்தால் கன்று பிறக்கக்கூடும்தான். ஆனால் ஆயிரம் கிலோ வரை போகிற காளை உங்கள் சின்னப் பசுவின் மேல் ஏறினால் இடுப்பு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? பிறக்கும் கன்று பெரிதாக இருந்தால் ஈனும்போது தாயே போய்விடும். 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள மிருகம் அது. அதைப் பழக்கி, வேலிக்குள் விட்டு வைத்தீர்கள் என்றால் வனத்துறைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை நோய். 1968-இல் மாட்டிலிருந்து பரவிய வெக்கை நோய் முதுமலை, பந்திப்பூர் பக்கத்துக் காட்டு மாடுகளைப் பெருமளவு அழித்தது. வெக்கை 2011-இல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டது, கோமாரி ஒழியவில்லை. உங்கள் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் போடுங்கள். காட்டு மாடு வந்துபோன காலையில், தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்துக் கழுவி, புதிதாக நிரப்பிவிட்டு அப்புறம் உங்கள் மாட்டை அவிழ்த்துவிடுங்கள்.