யோசிச்சுகிட்டே இருக்கிற பிள்ளைங்களுக்கு என்ன படிப்பு? – கேள்வி பதில்

கேள்வி (மதுரை, பிளஸ் ஒன் பையனோட அம்மா): சார், பையன் கணக்கு நல்லா போடுவான். ஆனா கோச்சிங் டெஸ்ட்ல பாதி கேள்விய தொடுறதே இல்ல. ஸ்லோன்னு மிஸ் சொல்றாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: மார்க்க விடுங்கம்மா, ரஃப் ஷீட்ட வாங்கிப் பாருங்க. இந்த மாதிரி பசங்க நாலாவது கணக்குக்கு விடை வந்த பிறகும் விடமாட்டாங்க, அதையே இன்னொரு வழில போட்டுப் பாத்து, ஓரத்துல ஒரு கிராஃப் வரைஞ்சு, அதுக்குள்ள மணி அடிச்சிரும். அப்படி இருந்தா அவன் ஸ்லோ இல்ல, அந்தப் பரீட்சை அவனுக்குத் தோதுப்படல, அவ்ளோதான். அதனால கோர்ஸ் பேர பாக்குறதுக்கு முன்னாடி, நுழைவுத் தேர்வுல கேள்விக்கு எத்தனை நிமிஷம்னு பாருங்க. நீட் 180 நிமிஷத்துல 180 கேள்வி. ஐசர்ல (மத்திய அரசோட அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) சேர எழுதற ஐஏடி தேர்வு மூணு மணி நேரத்துல 60 கேள்வி, அதாவது ஒண்ணுக்கு மூணு நிமிஷம். ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) பிஸ்டாட் (புள்ளியியல்), பிமேத் (கணிதம்) டிகிரிக்கு வைக்கிற தேர்வுல ரெண்டாவது தாள் ரெண்டு மணி நேரத்துல எட்டே கணக்கு, கால் மணி நேரம் உக்காந்து யோசிச்சு ஸ்டெப் ஸ்டெப்பா எழுதலாம். நம்ம சிறுசேரி சிஎம்ஐ (சென்னை கணிதவியல் நிறுவனம்) தேர்வுலயும் விரிவா எழுதற பகுதி இருக்கு. ஆனா ரெண்டுலயும் முதல் பகுதில கட்ஆஃப் தாண்டலன்னா எழுதினத திருத்தவே மாட்டாங்க, அதுக்கு மட்டும் வேகப் பயிற்சி குடுங்க.

கேள்வி (சேலம்): விரல்ரேகை டெஸ்ட் எடுத்தோம் சார், "சிந்தனையாளர் வகை"ன்னு ரிப்போர்ட் வந்துச்சு. அதுக்கு எந்த குரூப்?

பதில்: காசு போச்சு. ரேகைய பாத்து குரூப் சொல்றதுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. பையன்கிட்ட கேளுங்க.

கேள்வி (திருச்சி): பொண்ணு தத்துவம்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா.

பதில்: நிக்கட்டும்மா. தாம்பரம் எம்சிசில (மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்) தத்துவம் இருக்கு, ஜனாதிபதியா இருந்த ராதாகிருஷ்ணன் தத்துவம் படிச்ச காலேஜ். டிகிரி முடிச்சா மூணு வருஷ எல்எல்பி போகலாம், யுபிஎஸ்சில தத்துவத்தையே விருப்பப் பாடமா எடுக்கலாம், எம்ஏ, நெட் (யுஜிசி தகுதித் தேர்வு) முடிச்சு காலேஜ் வாத்தியார் வேலைக்கும் வரலாம். ஐஐடி மெட்ராஸ்ல பிளஸ் டூ முடிச்சதும் சேர 2006ல ஆரம்பிச்ச அஞ்சு வருஷ கலைப் பிரிவு எம்ஏ இப்ப இல்ல, டிகிரிக்கு அப்புறம் ரெண்டு வருஷ எம்ஏதான். பழைய யூட்யூப் வீடியோவ நம்பி அதுக்கு கோச்சிங் தேடாதீங்க.

கேள்வி (கோவை, ஒரு அப்பா): இதெல்லாம் வசதி உள்ளவங்க பேச்சு சார். மொதல்ல பிஇ முடிக்கட்டும், அப்புறம் என்ன வேணா யோசிக்கட்டும்.

இடையில் ஒருத்தர்: அண்ணன் சொல்றது கரெக்ட். யோசனை சோறு போடுமா?

இன்னொருத்தர்: நான் அப்படித்தான் பிஇ முடிச்சேன். அரியர் எழுதுறதுலயே யோசனை எல்லாம் போச்சு.

பதில்: சண்டை வேணாம். கோவை சார், வசதிய பத்தி நீங்க கேட்டது நியாயம், அதனாலதான் ஐஎஸ்ஐ பேர எடுத்தேன், அங்க பிஸ்டாட், பிமேத்துக்கு டியூஷன் ஃபீஸ் இல்ல, ஒழுங்கா படிச்சா மாசாமாசம் உதவித்தொகையும் வரும். தனியார் காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டால நாலு வருஷத்துக்கு நீங்க கட்டப்போற பணத்த இதோட வச்சுப் பாருங்க. "அப்புறம்"னு சொல்றீங்களே, அந்த அப்புறத்துல லோன் இருக்கும், கல்யாணம் இருக்கும், எப்ப சார் யோசிப்பான்? பிஇ தப்புன்னு நான் சொல்லல. ஒரு விஷயத்த குடைஞ்சு குடைஞ்சு பாக்குற பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸ்லயும் ஜெயிக்கும், அதுவா கேட்டுப் போனா.

கோவை அப்பா: எங்க வீட்ல கேட்டா அவன் பதிலே சொல்ல மாட்டேங்குறான் சார்.

பதில்: ஒரு வாரம் டைம் குடுத்துக் கேளுங்க. சாப்பாட்டு நேரத்துல கேக்காதீங்க.

கேள்வி (நெல்லை): சட்டம் எப்படி சார்?

பதில்: நல்லா பொருந்தும். ஆனா தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்ல சேர எழுதற கிளாட் தேர்வு 120 நிமிஷத்துல 120 கேள்வி, பத்தி பத்தியா படிக்கணும். அது ஒத்து வரலன்னா சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துல பிளஸ் டூ மார்க்கு வச்சே அஞ்சு வருஷ படிப்புக்கு சீட் தர்றாங்க.

கேள்வி (ஈரோடு): என் பொண்ணும் டெஸ்ட்ல ஸ்லோ சார், என்ன பண்றது?

பதில்: முதல் பதில படிங்க.

கேள்வி (வேலூர்): விரல்ரேகை டெஸ்ட் ஸ்கூல்லயே எடுக்கச் சொல்றாங்களே?

பதில்: ஸ்கூல்ல எடுத்தாலும் அதே ரேகைதானே? வேணாம்.

கேள்வி (தஞ்சாவூர்): பையன் முன்னாடி நல்லா பேசுவான், ஆறு மாசமா ரூம விட்டு வரல, சாப்பாடும் குறைஞ்சிருச்சு. ஆழமா யோசிக்கிறான்னு நினைக்கிறோம். ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா?

பதில்: கேரியர் பேச்ச இப்ப எடுக்கவே வேணாம்மா. இந்த வாரமே மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிலயே பாக்கலாம். அமைதியா இருக்கிறதெல்லாம் யோசனை இல்ல.

கேள்வி (ஓசூர்): பையன் ரெண்டாம் வகுப்பு. நிறைய கேள்வி கேக்குறான். இப்பவே எந்த லைன்ல விடலாம்?

பதில்: பிளஸ் ஒன் வந்ததும் கேளுங்க சார்.