சீனாவில் வீடு கட்டுவது குறைந்தால் மும்பையில் பைன் பலகை விலை ஏன் ஆடுகிறது?

தாராவியில் பேக்கிங் பெட்டி செய்யும் நெல்லைக்கார அண்ணாச்சி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியும் இதேதான். விலை ஏன் மாறியது என்றால் மரக்கடைக்காரர் "சீனா" என்கிறாராம். சாக்கு போலத் தோன்றும். ஆனால் பாதி உண்மை.

மும்பைக்கு வரும் பைனில் கணிசமான பங்கு குஜராத்தின் காண்ட்லா துறைமுகத்தில் உருட்டு மரமாக இறங்கி, காந்திதாம் பட்டறைகளில் அறுபடுவது. உலகிலேயே பைன் போன்ற இந்த மென்மர (ஊசியிலை மர) உருட்டுகளை அதிகம் வாங்கும் நாடு சீனா. நியூசிலாந்தின் ரேடியாட்டா என்ற பைன் வகை பெரும்பாலும் அங்கேதான் போகிறது; கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகைக்கும் முட்டுக்கும் அதில் நிறையச் செலவாகிறது. 2021-க்குப் பின் அங்கே கட்டுமானம் படுத்ததும் கிராக்கி சரிந்தது. மறுபக்கம், ரஷ்யா 2022 ஜனவரி முதல் பதப்படுத்தாத ஊசியிலை மர உருட்டுகளின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. முதலாவது விலையை இறக்கப் பார்க்கிறது, இரண்டாவது ஏற்றப் பார்க்கிறது; அதே உலகச் சந்தையிலிருந்து மரம் வாங்கும் இங்கேயும் விலை ஆடுகிறது.

 

மீதிப் பாதி, கப்பல் வாடகையும் டாலர் மதிப்பும். அதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

பலகையில் நீலக் கறை ஓடியிருந்தால் மரம் ஈரத்தோடு வெகுநாள் கிடந்தது என்று பொருள். பெட்டிக்குத் தாராளமாக ஆகும். அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.