ஹீட் ஆகி நின்ற பழைய டீசல் கார்: கேள்வி பதில்

டீசல் கார் ஹீட் ஆகி இன்ஜின் அடிவாங்கியவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் 1.3 லிட்டர் டீசல் பற்றியவை: ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ. வெளியே பெயர் வேறானாலும் உள்ளே இருப்பது ஃபியட்டிலிருந்து வந்த அதே 1248 சி.சி. இன்ஜின்தான். 2020-ல் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்தபோது மாருதி இதை நிறுத்திவிட்டது. இன்று ரோட்டில் ஓடுபவை எல்லாம் வயதான வண்டிகள். பொறுமையாகப் பார்த்தால் இன்னும் பல வருஷம் ஓடும்.

அண்ணா, 2009 ஸ்விஃப்ட் டீசல். கொல்லிமலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலே போய், அப்புறம் தானாகவே இறங்கிவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டினேன். நாலு கிலோமீட்டரில் நின்றுவிட்டது. இப்போது செல்ஃப் அடித்தால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

தம்பி, முதலில் செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. மறுபடி மறுபடி அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். சிலிண்டரைச் சூடாக்கும் நாலு க்ளோ பிளக்கையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சினால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது அல்லது ஹெட்டில் விரிசல். தண்ணீரும் வரவில்லை, இன்ஜின் சுற்றவும் இல்லை என்றால் பெரும்பாலும் பிஸ்டன் ஜாம். அப்போது இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

முள் ஏன் இறங்கியது தெரியுமா? சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் போனதும் அது காற்றில் தொங்குகிறது. உள்ளே இரும்பு கொதிக்கும், முள் கீழே கிடக்கும். இப்படி ஏமாந்து இன்ஜினை இழந்தவர்கள் நிறையப் பேர். மேலே போன முள் காரணமில்லாமல் சட்டென்று விழுந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி ஆஃப் செய்ய வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பச்சைத் தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றவும் கூடாது.

ரேடியேட்டர் டேங்கில் பால் கலந்த காபி மாதிரி மிதக்கிறது. ஹெட் கேஸ்கெட் என்று சொல்லி ஹெட்டை இறக்கச் சொல்கிறார்கள். சரியா?

அவசரப்பட வேண்டாம். இந்த இன்ஜினில் ஆயில் ஃபில்டர் பக்கத்திலேயே ஒரு ஆயில் கூலர் இருக்கிறது. அதன் உள்தகடு ஓட்டையானாலும் ஆயில் தண்ணீருக்குள் போகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்து, தண்ணீரில் மட்டும் ஆயில் இருந்தால் முதலில் கூலரைக் கழற்றிக் காற்றழுத்தம் கொடுத்துப் பாருங்கள். வேலையும் சின்னது, செலவும் சின்னது. கேஸ்கெட் கிட் வாங்கிய பிறகு கூலர்தான் காரணம் என்று தெரிந்தால் வயிறு எரியும்.

எங்கேயும் ஒழுகவில்லை. ஆனால் வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது.

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகாமல் ஹோஸ் மட்டும் கல் மாதிரி இறுகினால், எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. நீல நிற திரவம் வைத்துப் பார்க்கும் டெஸ்ட்டும் உண்டு; டீசல் புகை பட்டால் பச்சையாகும், பெட்ரோலுக்கு மஞ்சள். ஐடிலில் வைத்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். டீசல் ஐடிலில் காற்றுதான் அதிகம், கார்பன் டை ஆக்சைடு குறைவு. கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸ் அடித்து (அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி), புதுக் கேஸ்கெட் போட்டோம். மூன்று மாதத்தில் மறுபடி அதே பிரச்சினை. லேத்காரர் மேல் தப்பா?

லேத்காரரைக் குறை சொல்லும் முன் ஒரு கேள்வி: முதல் தடவை ஏன் ஹீட் ஆனது என்று யாராவது கண்டுபிடித்தார்களா? என்னிடம் இரண்டாவது முறை வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் காரணம் அப்படியே இருக்கும். அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், சுற்றாத ஃபேன். கேஸ்கெட் போனது விளைவு. டிராஃபிக்கில் நின்றால் மட்டும் ஹீட் ஆகிறதா, ஃபேன், ரிலே பக்கம் பாருங்கள். மேடு ஏறும்போதும் ஹைவேயில் வேகமாகப் போகும்போதும் ஆகிறதா, ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு).

அடுத்தது ஹெட். இதில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். போல்ட்கள் இறுக்கிப் பிடித்திருப்பதால் நீள இடமில்லாமல் வளைகிறது. ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து எவ்வளவு வளைந்திருக்கிறது என்று நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் எல்லாம் பார்க்க வேண்டும். 0.05 மி.மீ. தாண்டினாலே நான் யோசிப்பேன், 0.10 தாண்டினால் அப்படியே மாட்ட மாட்டேன்.

ஆனால் டீசல் ஹெட்டை இஷ்டத்துக்குச் சீவக் கூடாது. ஹெட்டின் அடிப்பக்கம் தட்டை, பிஸ்டன் ஹெட்டை ஒட்டும் அளவுக்கு மேலே வரும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. ஃபேஸ் அடித்தால் வால்வு எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று மறுபடி அளக்க வேண்டும். சில டீசல்களுக்கு ஃபேஸ் அடிக்கவே கம்பெனி அனுமதிப்பதில்லை, அந்த வண்டியின் மேனுவலைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் ஏற்ற வேண்டும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு துருத்துகிறது என்று டயல் கேஜில் பார்த்து, அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் எடுக்க வேண்டும். கடைக்காரர் கொடுத்ததை மாட்டுவது சூதாட்டம்.

ஹெட்டைச் சூடான தண்ணீரில் முக்கிக் காற்றழுத்த டெஸ்ட் செய்தார்களா என்றும் கேளுங்கள். வால்வுகளுக்கு நடுவே உள்ள விரிசல் குளிரில் மூடிக்கொள்ளும், சூட்டில் திறக்கும். அதிக சூட்டில் வெந்த அலுமினியம் மென்மையாகியும் போகும். போல்ட் வாஷருக்கு அடியில் குழி விழுந்திருந்தால் அந்த ஹெட் இனி இறுக்கத்தைத் தாங்காது.

கடைசியாக, மாட்டும் விதம். போல்ட் புதுசாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட டார்க் (இறுக்கும் விசை), அப்புறம் டிகிரி கணக்கில் திருப்பு. பழைய போல்ட் ஏற்கெனவே நீண்டது. போல்ட் ஓட்டைகளில் ஆயிலோ தண்ணீரோ தங்கியிருக்கக் கூடாது. வேலை கற்ற காலத்தில் நான் ஒரு ஓட்டையை ஊதிக் காய வைக்காமல் போல்ட்டை இறுக்கினேன். உள்ளே சிக்கிய ஆயில் வெளியேற வழியில்லாமல் பிளாக்கில் விரிசல் விட்டுவிட்டது. அந்தக் குடும்பம் வண்டியை நம்பித்தான் பிழைத்தது. இன்றும் ஒவ்வொரு ஓட்டையாக ஊதாமல் ஹெட்டை வைப்பதில்லை. இன்னொன்று, உலோக அடுக்கு கேஸ்கெட்டின் மேல் அனபாண்ட் பேஸ்ட் தடவாதீர்கள். அடியில் ஆயில் தங்கும் சம்புக்கு நல்ல பேஸ்ட், இந்த இடத்துக்கு வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் ஹீட் ஆகாது என்கிறார்களே?

வேண்டாம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் சுற்றும் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாது. புதுசு வாங்கி, கொதிநீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

ரேடியேட்டர் ஒழுகியபோது டிரைவர் மஞ்சள்தூள் போட்டார், நின்றுவிட்டது. அப்படியே ஓட்டலாமா? போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

வழியில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர அது உதவியிருக்கிறது, சரி. ஆனால் ஓட்டையை அடைத்த அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். இறக்கி, சுத்தம் செய்து, ஒழுகலைச் சரிசெய்யுங்கள். போர் தண்ணீரின் உப்பு உள்ளே ஓடு கட்டும், அலுமினியத்தை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். மூடி நல்ல அழுத்தம் பிடித்தால் கொதிநிலை 120 டிகிரிக்கு மேல் போகும். மூடியின் வாஷர் நைந்திருந்தால் அந்தப் பலன் கிடையாது.

ஐயா, 1489 சி.சி. டீசல் அம்பாசிடர் வைத்திருக்கிறேன். இதுவும் அப்படித்தானா?

உங்கள் வண்டியில் ஹெட்டும் இரும்பு, பிளாக்கும் இரும்பு. வளைவது குறைவு. விரிசல்தான் பயம், முக்கியமாக ப்ரீசேம்பர் (ஹெட்டில் டீசல் முதலில் எரியும் சிறு அறை) ஓரங்களில். ஹெட்டை இறக்கினால் கிராக் டெஸ்ட் செய்யாமல் மாட்ட வேண்டாம்.

அண்ணா, அப்பாவின் டிசையர் ஹீட் ஆனது. ஒரு மெக்கானிக் முழு இன்ஜின் வேலை என்கிறார், இன்னொருவர் பழைய இன்ஜினே வாங்கிப் போடச் சொல்கிறார். யாரை நம்புவது?

இருவரையும் விட்டுவிட்டு அளவுகளை நம்பு தங்கச்சி. இன்ஜின் சுற்றுகிறது என்றால் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் (உள்ளே பிடிக்கும் அழுத்தம்) எடுத்து எண்களை எழுதி வாங்கு. பக்கத்துப் பக்கத்து இரண்டில் மட்டும் குறைந்தால் கேஸ்கெட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாலிலும் குறைந்து, ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளினால் ரிங், பிஸ்டன் பக்கம். ஹெட் இறங்கியதும் நீயே போய் சிலிண்டர் சுவரைப் பார். செங்குத்தாக ஆழமான கீறல் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் முழு வேலை எதற்கு என்று கேள். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் பேரிங்குகளைக் கழற்றிப் பார்க்கச் சொல், அதில் மிச்சம் பிடிக்காதே.

பழைய இன்ஜின் வாங்குவது கடைசி வழி. அதுவும் ஹீட் ஆகி வந்ததா என்று வெளியிலிருந்து தெரியாது. வாங்கினால் பில் வேண்டும், ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் விற்கும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் அப்பா அலைய வேண்டியிருக்கும்.

வேலை முடிந்து வண்டி நாளைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

காற்று முழுவதும் வெளியேறியதா என்று பாருங்கள். முன்பக்கம் மேடாக நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். ஹீட்டரில் சூடான காற்று வந்தால் தண்ணீர் சுற்றுகிறது. முதல் வாரம் தினமும் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளவு பாருங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்த வண்டி என்றால் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். மலைப்பாதைக்கு அதற்கப்புறம் போகலாம்.