அது உடம்புச் சூடு இல்லை

கடிதத்தில் ஒன்பது கேள்விகள் எழுதியிருக்கிறீர்கள். விரல் மரத்துப் போவது முதல் கேள்வி. இரண்டு நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது எட்டாவது. அதையும் “உடம்புச் சூடுதானே டாக்டர்?” என்று நீங்களே பதில் சொல்லி முடித்துவிட்டீர்கள். இல்லை, சூடு இல்லை.

நடந்ததை அப்படியே வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். வயது 48. பத்து வருடமாக சைக்கிளைத் தொடாதவர். அரசுப் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கித் தர, 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றை உண்டியலாக்கி, டிரெய்லரில் கட்டி, மே மாதம் திருச்சியிலிருந்து கன்னியாகுமரி வரை இழுத்துப் போகத் திட்டம். அதற்கு ஒத்திகையாக மணப்பாறை போய்த் திரும்பியிருக்கிறீர்கள். ஸ்பீக்கர், பேனர் எல்லாம் சேர்த்து 60 கிலோ பாரம். திரும்பும்போது உச்சி வெயில். கிளம்பும் முன் ஒரு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை, மணப்பாறையில் டீ குடித்துவிட்டு இன்னொன்று. மறுநாள் இரண்டு தொடையும் வீங்கி, குத்தவைத்து உட்கார முடியவில்லை. சிறுநீர் கருத்துவிட்டது. இளநீர், ஊறவைத்த வெந்தயம், தலைக்கு நல்லெண்ணெய். மூன்றாம் நாள் நிறம் தெளிந்ததும் சூடு இறங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள்.

அந்த இரண்டு நாளும் வெளியே வந்தது உங்கள் தொடைத் தசை. பழக்கமில்லாத பாரத்தை மணிக்கணக்கில் இழுத்தால் தசை இழைகள் உடையும். கொஞ்சம் உடைவது எல்லோருக்கும் நடப்பதுதான், மறுநாள் உடம்பு வலிப்பது அதனால்தான். அளவு மீறி உடைந்தால் தசைக்குள் இருக்கும் மயோகுளோபின் என்கிற சிவப்புப் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வடியும். போகிற வழியில் அங்குள்ள நுண்குழாய்களை அடைத்துக் கெடுக்கும். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். உடைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் கொட்டும். அது ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

இரண்டாம் நாள் லேபில் கொடுத்த சிறுநீர்ப் பரிசோதனையின் நகலையும் அனுப்பியிருக்கிறீர்கள், நல்லது. அதில் ரத்தம் ‘++’ என்று ஒரு வரி. கீழேயே, நுண்ணோக்கியில் பார்த்த சிவப்பணுக்கள் 0–1 என்று இன்னொரு வரி. ரத்தம் இருக்கிறதாம், ரத்த அணுக்கள் இல்லையாம்! சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டைக்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினும் தசையின் மயோகுளோபினும் ஒன்றுதான், பிரித்துச் சொல்லத் தெரியாது. இந்த இரண்டு வரியும் வீங்கிய தொடையும் சேர்ந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தசைதான் நினைவுக்கு வரும். நீங்கள் முதல் வரியை மட்டும் கூகுளில் போட்டு, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று படித்துவிட்டு நான்கு இரவு தூங்காமல் இருந்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போயிருந்தால், அன்றே தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் சிபிகே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் மூன்றும் பார்த்து சலைன் ஏற்றியிருப்பார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் வந்தான். ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே தொடைப் பயிற்சியாகச் செய்து தள்ளியிருக்கிறான். குளிர்பான பாட்டிலில் சிறுநீர் கொண்டுவந்திருந்தான். மேஜையில் அதைப் பார்த்த நர்ஸ், “கஷாயம் யாருக்கு?” என்று கேட்டார். அவன் இரண்டாம் நாளே வந்ததால் பிழைத்தான்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கோபம் வருவது மாத்திரையில்தான். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரையைத் தினமும் எடுக்கிறீர்கள். அது உங்கள் மருத்துவர் கொடுத்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் மேல் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் இரண்டு. காவிரிக்கரைக்காரருக்கு வாய்க்கால் கணக்கில் சொன்னால் புரியும்: டைக்ளோஃபெனாக், சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் வாய்க்காலைச் சுருக்குகிறது. டெல்மிசார்டன், வெளியேறும் மதகைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதயசைடு, ஆற்றில் வரும் தண்ணீரையே குறைக்கிறது. மீதியை வெயில் பார்த்துக்கொண்டது. இப்படி வறண்டு கிடக்கும் வயலில்தான் தசைக் கழிவும் வந்து இறங்கியது. ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் எல்லாம் இதே வகை. பெயரை மாற்றி வாங்காதீர்கள். வலி தாங்க முடியவில்லையென்றால் பாராசிட்டமால் ஒன்று போடலாம். மாத்திரை போட்டால்தான் மிதிக்க முடியும் என்றால் அன்றைக்கு மிதிக்க வேண்டாம்.

கடைசிப் பக்கத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. இருபது வருடம் சர்க்கரை, கடைசி ஒன்றரை வருடம் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ், கூட உட்கார்ந்திருந்தது நீங்கள். மற்ற கேள்விகளெல்லாம் இதைச் சுற்றித்தான் வருகின்றன என்று நினைக்கிறேன். அப்பாவின் சிறுநீரகம் சர்க்கரையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. உங்களுக்கு நடந்தது திடீரென்று விழுந்த ஒரு அடி. இரண்டும் வேறு. இப்படி அடிபட்ட சிறுநீரகம் பெரும்பாலும் முழுதாகத் தேறிவிடும். இந்த ஒரு தடவையால் நீங்கள் அந்த டயாலிசிஸ் நாற்காலியில் போய் உட்காரப் போவதில்லை. ஆனால் கத்திரி வெயிலில், அதே பாரத்தோடு, அதே மாத்திரையோடு இன்னொரு தடவை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு என்னால் உறுதி தர முடியாது.

ஆக, இந்த வாரமே கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் மூன்றும் பாருங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதால் சிபிகே இப்போது இயல்பாகத்தான் இருக்கும். அதை வைத்து அன்று ஒன்றும் ஆகவில்லை என்று கிளம்பிவிடாதீர்கள்.

மற்றவை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது ஹேண்டில்பாரை அழுத்திப் பிடிப்பதால். மெத்தை வைத்த கையுறை போட்டு, பிடியை அடிக்கடி மாற்றுங்கள். முட்டியின் முன்பக்க வலிக்கு சீட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். அந்தரங்க இடத்தில் மரத்துப்போனது, இறங்கிப் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்கிறீர்களே, அதனால் ஆண்மை போய்விடாது. சீட்டின் மூக்கை லேசாகக் கீழே சாய்த்து, கால் மணிக்கொரு தரம் பெடலில் எழுந்து நில்லுங்கள். தெம்புக்கு பீட்ரூட் ஜூஸ் குடிக்கலாமா என்ற ஒன்பதாவது கேள்விக்கு, வழியில் வேண்டாம் என்பதே பதில். சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். நமக்கு இருக்கும் எச்சரிக்கையே அந்த நிறம்தான், அதில் போய்ச் சாயம் கலக்க வேண்டாம்.

பயணம் போகலாமா? ரிப்போர்ட் சரியாக இருந்தால் போகலாம், மே மாதம் அல்ல. நோட்டீஸ் அடித்தாயிற்று என்கிறீர்கள். தேதி மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். பொங்கல் கழித்துக் கிளம்பினால் வெயிலும் இராது, வாடைக்காற்று முதுகில் தள்ளும். மே கடைசியில் போனால் பணகுடி தாண்டிக் காற்றாலைகள் இருக்கும் இடத்தில் எதிர்க்காற்று அந்தத் தொட்டியைப் பாய்மரமாக்கிப் பின்னால் இழுக்கும். அதுவரை வாரா வாரம் கொஞ்சமாகப் பாரத்தை ஏற்றிப் பழகுங்கள். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பி பத்துக்குள் நிறுத்துங்கள். வெறும் தண்ணீராகவே ஊற்றிக்கொள்ளாமல் உப்புப் போட்ட மோர், கஞ்சி, ஓ.ஆர்.எஸ். என்று கலந்து குடியுங்கள். ரத்த அழுத்த மாத்திரையைப் பயண நாட்களில் மாற்ற வேண்டுமா என்று கொடுத்தவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். உண்டியலை தினமும் இரவு காலி செய்துவிடுங்கள். ஆயிரம் பத்து ரூபாய் நாணயம் கிட்டத்தட்ட எட்டு கிலோ. ஊர் ஊராக வசூல் ஏற ஏற, களைத்த காலுக்குப் பாரமும் ஏறிக்கொண்டே போகும்.

தினமும் இரண்டு முறை, வெள்ளை பிளாஸ்டிக் டம்ளரில் சிறுநீரைப் பிடித்துப் பாருங்கள். அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை, குடித்தால் சில மணி நேரத்தில் வெளுக்கும். பால் விடாத டீ நிறம் என்றால் சைக்கிளை அங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். அடுத்த ஊர் வரை மிதித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மதுரையில் ராஜாஜி மருத்துவமனையும் திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உங்கள் பாதையிலேயே இருக்கின்றன. போனதும் “தசை உடைந்திருக்குமோ என்று சந்தேகம், சிபிகே பாருங்கள்” என்று சொல்லுங்கள். சூடு என்று சொல்லாதீர்கள்.

கிரியேட்டினின் எண் வந்ததும் எழுதுங்கள். மணப்பாறைக்கு முன்னால் எடுத்த பழைய ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.