சிறுபான்மை அரசு எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

சபையில் பாதிக்கு மேல் இடம் இல்லாத கட்சி ஆட்சி நடத்தினால் அது சிறுபான்மை அரசு. 2006-ல் தமிழகத்தில் 118 வேண்டிய இடத்தில் திமுகவிடம் இருந்தது 96 தான். காங்கிரஸ் போன்ற தோழமைக் கட்சிகள் மந்திரி பதவி இல்லாமலே வெளியிலிருந்து ஆதரித்தன. ஐந்து வருடமும் ஓடியது.

காரணம் எளிது: எதிராகப் பெரும்பான்மை திரளாதவரை அரசு நிற்கும். குளச்சல் பக்கம் கரமடி (கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் பெரிய வலை) இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலைக்காரரின் ஆட்கள் போதாவிட்டால் கரையில் நிற்பவர்களும் கயிறு பிடிப்பார்கள். வலை அவர்களுடையது அல்ல, ஆனால் மீனில் பங்கு உண்டு. (அரசியலில் அந்தப் பங்கு எவ்வளவு என்பதுதான் வெளியே தெரியாது!) பட்ஜெட்டும் நம்பிக்கை வாக்கெடுப்பும் வரும்போது வெளியிலிருந்து ஆதரிக்கும் கட்சிகள் கயிற்றை விட்டால் அவ்வளவுதான்.

அப்புறம், நம்பிக்கை வாக்கெடுப்பில் மொத்த இடங்களில் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, வந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் போதும். 1999-ல் வாஜ்பாய் அரசு ஆதரவாக 269, எதிராக 270 என ஒரே ஓட்டில் கவிழ்ந்தது.