ப்ளீச் செய்த பல்லில் கூச்சம்

கேள்வி: பல்லை வெளுக்க வைக்கும் சிகிச்சை எடுத்து ஐந்து நாளாகிறது. தண்ணீர் பட்டாலே சுள்ளென்கிறது. முன்பற்களில் வெள்ளைத் திட்டும் தெரிகிறது. எனாமல் போய்விட்டதா? மறுபடி வளருமா? உப்பும் கரித்தூளும் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் அத்தை.
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: கரித்தூளைத் தொடவே வேண்டாம். ப்ளீச் பட்ட எனாமலின் மேற்பரப்பு சற்று இளகியிருக்கும். இப்போது சொரசொரப்பாக எதைத் தேய்த்தாலும் அது அரைபடும். அரைபட்டுப் போன எனாமல் வளராது. அதை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. ஆனால் உங்களுக்கு எனாமல் போய்விடவில்லை. ப்ளீச்சில் உள்ள பெராக்சைடு என்ற ரசாயனம் எனாமலைக் கடந்து உள்ளே நரம்புப் பகுதிவரை இறங்குவதால் வரும் கூச்சம் இது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். மேற்பரப்பு இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் உமிழ்நீரே திருப்பி வைக்கும். ஃப்ளோரைடு இருந்தால் அந்த வேலை வேகமாக நடக்கும்.

அதனால் பேஸ்ட் டியூபைத் திருப்பிப் பாருங்கள்: 1000 பிபிஎம் (ppm) அளவுக்கு ஃப்ளோரைடு இருக்க வேண்டும். கூச்சத்துக்கு 5% பொட்டாசியம் நைட்ரேட்டும் சேர்ந்த பேஸ்ட் நல்லது. பட்டாணி அளவு எடுத்து, மென்மையான பிரஷ்ஷால், காலையும் இரவும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். நுரையைத் துப்பிவிடுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். பலர் தவறுவது இங்கேதான், கொப்பளித்தால் ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும் என்பதால் இரவுத் துலக்கலை விடவே கூடாது. துலக்கிய பிறகு, பால் புரதத்திலிருந்து எடுக்கும், பல்லுக்குக் கால்சியமும் பாஸ்பேட்டும் தரும் சிபிபி-ஏசிபி (CPP-ACP) கிரீமை விரலால் பல்லில் தடவி மூன்று நிமிடம் விட்டுத் துப்பலாம். பால் அலர்ஜி உள்ளவர்களுக்கு இது ஆகாது.

அமிலத்தை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். வாயின் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று, ஏற்காடு ஆரஞ்சு, எலுமிச்சை ஜூஸ் எல்லாமே அப்படி இறக்குபவை. கூச்சம் தீரும்வரை தள்ளி வையுங்கள். சாப்பிட்டுவிட்டால் வெறும் தண்ணீரில் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்தே பிரஷ்ஷைத் தொடுங்கள். தட்டுவடைகளுக்கு நடுவே காய்த் துருவல் வைத்துத் தரும் நம்மூர் தட்டுவடை செட்டில் அமிலத்தைவிட பீட்ரூட் துருவலின் சாயம்தான் கவலை; ப்ளீச் செய்த முதல் இரண்டு நாளில் பல் சாயத்தைச் சுலபமாகப் பிடிக்கும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

திட்டு விஷயம் வேறு. ப்ளீச்சில் பல் உலர்வதால் தெரியும் வெண்மை ஓரிரு நாளில் மங்கும். ஐந்து நாளாகியும் இருந்தால், சிறு வயதிலிருந்தே இருந்த திட்டா என்று பழைய போட்டோவில் பாருங்கள். சேலம், தருமபுரி பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு வரும் திட்டு ப்ளீச்சுக்குப் பின் இன்னும் எடுப்பாகத் தெரியலாம். அது எந்த பேஸ்ட்டுக்கும் போகாது, பல் மருத்துவர்தான் சரிசெய்ய வேண்டும். ஒரே பல்லில் மட்டும் வலித்தாலோ, தண்ணீரை விழுங்கிய பிறகும் வலி நீடித்தாலோ, தானாகவே வலித்தாலோ இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். சொத்தையோ விரிசலோ இருக்கலாம், உடனே காட்டுங்கள்.